விளிம்பு விளைவும் டிஃப்ராக்‌ஷனும்: மூன்றாம் வருடத்தில் எழுதத் தோன்றியது

கடைமடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் வருடம், தஞ்சாவூரில் ஒரு கல்லூரி. சொந்த ஊர் திருவாரூர் மாவட்டத்தில், வெண்ணாற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஒரு கிராமம். பெயரை அதனால்தான் இப்படி வைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு மாதத்தில் கடைசி செமஸ்டர் முடிகிறது. ரெக்கார்டு நோட்டு எழுத உட்கார்ந்தவன், அதை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. பிளஸ் டூவில் இயற்பியலில் 91. அந்த மார்க்கை நம்பித்தான் இந்தப் பாடத்தை எடுத்தேன். எங்கள் கல்லூரியில் இது ஆங்கில வழியில் மட்டும்தான். முதல் வாரம் பேராசிரியர் போர்டில் 'மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா' என்று எழுதி, "இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதான்" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். வகுப்பே தலையாட்டியது, நானும் ஆட்டினேன். அது நம்ம நிலைமத் திருப்புத்திறன் என்று எனக்குப் புரிய மூன்று நாள் ஆனது. அதுவும் சமன்பாட்டைப் பார்த்துத்தான். கணக்காகக் கொடுத்திருந்தால் அன்றைக்கே போட்டிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரரை வெளியூரில் வேறு பெயரில் யாரோ அறிமுகம் செய்து வைத்த மாதிரி இருந்தது. அந்த மூன்று நாளும் ராத்திரி தூக்கமில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாமா என்று அம்மாவிடம் போனில் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் திருச்சிக்காரன், மெட்ரிக் பள்ளியில் படித்தவன். டெஃபனிஷன் எதைக் கேட்டாலும் கமா முதற்கொண்டு ஒப்பிப்பான். ஒருநாள் ஹாஸ்டல் மொட்டைமாடியில் டிஃப்ராக்‌ஷன் படித்துக்கொண்டிருந்தான். "அப்படின்னா என்னடா?" என்று கேட்டேன். மறுபடியும் அதே வரியை ஒப்பித்தான். "அது சரி, என்ன நடக்குது?" என்றேன். முழித்தான். புத்தகத்தில் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. "டேய், இது விளிம்பு விளைவு." "விளிம்புன்னா ஓரம்தானே?" "ஆமா. ஓரத்துல பட்டு வெளிச்சம் வளையுது."

எங்கள் பத்தாம் வகுப்பு ஆசிரியர் காட்டிய ஒன்று ஞாபகம் வந்தது. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டி, நடுவில் மயிரிழை இடைவெளி விட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தெருவிளக்கைப் பார்க்கச் சொன்னேன். விரலிடுக்கில் விரலோடு இணையாக மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். அவன் பார்த்தான். விரலை நெருக்கினான், அகட்டினான், மறுபடி நெருக்கினான். நெருக்கினால் கோடுகள் விலகுகின்றன, அகட்டினால் ஒன்றோடொன்று நெருங்கிக் காணாமல் போகின்றன. பத்து நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "பன்னெண்டாவதுல இதுக்கு அஞ்சு மார்க் வாங்கினேன்டா, ஒருதடவைகூட பார்த்ததில்ல" என்றான்.

அன்றைக்கே ஒரு நோட்டு போட்டோம். பக்கத்தை நெடுக்காகப் பிரித்து மூன்று பத்தி. முதலில் ஆங்கிலச் சொல், அடுத்து எங்கள் பாடநூலில் இருந்த தமிழ்ச் சொல், மூன்றாவதில் அது என்ன செய்கிறது என்று எங்கள் சொந்த வாயால் ஒரு வரி. இன்டர்ஃபெரன்ஸ், குறுக்கீட்டு விளைவு. போலரைசேஷன், தளவிளைவு. லீஸ்ட் கவுண்ட், மீச்சிற்றளவு. சண்டை எல்லாம் மூன்றாவது பத்தியில்தான். மின்தேக்கிக்கு அவன் 'கரன்ட்டைப் பிடிச்சு வைக்கிற ஏரி' என்று எழுதினான். எனக்கு அது உறுத்தியது. ஒரு தகட்டில் எவ்வளவு நேர்மின்னூட்டமோ மற்றதில் அவ்வளவு எதிர்மின்னூட்டம், கூட்டினால் சுழி. ஏரிக்குள் தண்ணீரே இல்லையே, அப்புறம் எதைத் தேக்குகிறது? சாப்பாட்டு மணி அடித்தும் கிளம்பவில்லை. கடைசியில் 'தகடுகளுக்கு நடுவில் ஆற்றலைத் தேக்குகிறது' என்று அடித்து எழுதினோம். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவன் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது என்று நினைக்கிறேன். அவனுக்குத் தெரியாததை நான் கேட்க, எனக்குத் தெரியாததை அவன் கேட்க, அப்படித்தான் எனக்கு இயற்பியல் வந்தது.

லேபிலும் அவன்தான் ஜோடி. நியூட்டன் வளையம் செய்த நாளை மறக்க முடியாது. சோடியம் விளக்கைப் போட்டதும் முதலில் ரோஸ் நிறத்தில் மினுங்கும், சூடேறச் சூடேறத்தான் அந்த மஞ்சள் வரும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் நடுவில் கறுப்புப் பொட்டு, சுற்றி மஞ்சளும் கறுப்புமாக வளையங்கள். வெளியே போகப் போக நெருங்கிக்கொண்டே போகும். அவன் வளையத்தை எண்ணிக்கொண்டு திருகைத் திருப்ப, நான் வெர்னியர் பார்த்துச் சொன்னேன். லென்ஸும் கண்ணாடியும் தொட்டுக்கொண்டிருக்கிற இடம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று வைவாவில் கேட்டார்கள். அவன் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு வந்து, கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது அலை தலைகீழாகிவிடுகிறது என்று சொல்லி முடித்தான். சார் சிரித்துக்கொண்டே முழு மார்க் போட்டார்.

இனி, சொல்லக் கூச்சமாக இருக்கிற பகுதி. இரண்டாம் வருடம் அவன் வகுப்புக்குச் சரியாக வருவதில்லை, வந்தால் தூங்குவான். எனக்குக் கோபம். "உனக்குப் படிப்புல அக்கறையே இல்ல, நீ எப்படியும் ஒப்பிச்சுப் பாஸாயிருவே" என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அவன் பதிலே சொல்லவில்லை. அந்த மாதமே கும்பகோணத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், சாம்பார் வாளியோடு வருகிறவன் அவன். கேட்டரிங் ஆட்கள் போடுகிற அரக்குச் சட்டை, தலையில் வலைத்தொப்பி. என் இலைக்கு வந்தான், ஊற்றினான், "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா" என்று எல்லாரிடமும் கேட்பது போலவே கேட்டான். எனக்கு "போதும்" என்ற சொல்கூட வரவில்லை. பக்கத்து இலையில் என் மாமா. இவன் என் நண்பன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. முகூர்த்த நாளில் எல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு வேனில் ஏறி, காய் நறுக்கி, விடியவிடியப் பந்தி போட்டுவிட்டு நேராக வகுப்புக்கு வந்திருக்கிறான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் "விடுடா" என்றான், நோட்டை எடுத்தான். என்னால்தான் விட முடியவில்லை.

கேள்வி இதுதான். நான் ஐஐடி ஜாம் (எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு) எழுதியிருக்கிறேன், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். கிடைத்தால் எம்.எஸ்சி.க்கு வெளி மாநிலம். அவன் எழுதவில்லை, வேலைக்குப் போகிறேன் என்கிறான். நாங்கள் சேர்ந்து படித்ததில் பாதி அவனுடையது. அதை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போகிற மாதிரி இருக்கிறது. காலேஜ் நட்பு உங்களுக்கெல்லாம் என்ன ஆனது? தமிழ் வழியிலிருந்து மாறியவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

*

செம்பருத்தி எழுதியது:

தம்பி, படிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. நான் விலங்கியல், முழுக்கத் தமிழ் வழி. எங்க காலேஜ்ல ரெண்டு செக்‌ஷனும் இருந்துச்சு, நான் யோசிச்சுதான் தமிழ் வழி எடுத்தேன். காரணம் வேலை. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு மாநில அரசு வேலையில 20 சதவீத முன்னுரிமை, 2010 சட்டம். 2020ல அதைத் திருத்தி, டிகிரி மட்டும் தமிழ் வழின்னா போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியில படிச்சிருக்கணும்னு ஆக்கிட்டாங்க.

உங்க நண்பர் மெட்ரிக்னா அவருக்கு இது கிடையாது. ஆனா உங்களுக்குக் கொஞ்சம் இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்கோங்க. குரூப் 4க்குத் தகுதி பத்தாம் வகுப்புதான், அதனால அதுவரைக்கும் தமிழ் வழியில படிச்ச சான்று போதும். குரூப் 2 மாதிரி டிகிரி கேக்குற வேலைக்கு டிகிரியும் தமிழ் வழியா இருக்கணும், அங்க உங்களுக்கு வராது. முதல் வருசம் சேரும்போது இதை யாரும் உக்காந்து சொல்றதில்ல. எங்க தெருவுல சேரப்போற புள்ளைங்க எல்லாருக்கும் நான் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வர்றேன்.

அந்த மூணு பத்தி நோட்டை ஸ்கேன் பண்ணிப் போடுவீங்களா? என் தங்கச்சி இந்த வருசம் இயற்பியல் சேர்றா.

*

பனங்கூடல் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்களுக்கும் இதே கதைதான், அதால எழுதாமல் இருக்கேலாமல் போச்சு. ஏ.எல். (உங்கட பிளஸ் டூ மாதிரி) வரைக்கும் பௌதிகவியல் முழுக்கத் தமிழில படிப்பம். கம்பஸ் வந்தால் விஞ்ஞான பீடத்தில எல்லாம் ஆங்கிலம். முதல் வருசம் முழுக்க நான் விரிவுரையில கேட்டதை ரூமுக்கு வந்து தமிழில திருப்பி எழுதித்தான் விளங்கிக்கொண்டனான்.

ஆனால் உங்கட சொற்களைப் பார்க்க எனக்குப் பெரிய ஆச்சரியம். நீங்கள் விளிம்பு விளைவு எண்டுறதை நாங்கள் கோணல் எண்டுறம். குறுக்கீட்டு விளைவு எங்களுக்குத் தலையீடு. நீங்கள் முடுக்கம் எண்டால் நாங்கள் ஆர்முடுகல். நிலைமம் எங்கட புத்தகத்தில சடத்துவம். ஒளிவிலகலை முறிவு எண்டுறம். இன்னொண்டு, இது ஆளை நல்லாக் குழப்பும்: திசையையும் சேர்த்துச் சொல்லுற கணியத்துக்கு நீங்கள் திசைவேகம் எண்டுறியள், நாங்கள் அதைத்தான் வேகம் எண்டுறம். திசை இல்லாட்டி எங்களுக்குக் கதி. அப்ப நானும் நீங்களும் 'வேகம்' எண்டு ஒரு கணக்கில எழுதினால் ரெண்டு பேருக்கும் ரெண்டு விடை வரும்.

உங்கட நோட்டில நாலாவதா ஒரு நிரல் போடுங்கோ. எங்கட சொற்களை நான் எழுதி அனுப்பிறன்.

நட்பைப் பற்றிக் கேட்டனீங்கள். என்னோட அறையில இருந்த பிள்ளை மன்னார். இப்ப அவள் அங்க பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாள். மாசத்தில ஒருக்கா கதைப்பம். குறைஞ்சு போச்சுதான், ஆனால் அந்த ஒரு கதையில பாதி நேரம் அவள் தன்ர வகுப்புப் பிள்ளையள் கேட்ட கேள்வியளைத்தான் சொல்லுவாள். நானும் இருந்து யோசிப்பன்.

*

பழைய_ஆய்வகம் எழுதியது:

தம்பி கடைமடை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் ஆய்வகத்தில் நின்றவன் நான். ஓய்வு பெற்றுவிட்டேன். நீங்கள் இருவரும் மொட்டைமாடியில் செய்தது விளையாட்டு அல்ல. ஒற்றைப் பிளவு விளிம்பு விளைவை எந்தக் கருவியும் இல்லாமல் பார்த்திருக்கிறீர்கள். பிளவு குறுகினால் பட்டைகள் விலகும் என்ற உறவையும் கண்ணாலேயே கண்டுகொண்டீர்கள்.

அடுத்து ஒன்று செய்து பாருங்கள். உதிர்ந்து கிடக்கும் புறா இறகு ஒன்றை எடுத்துக் கண்ணருகே பிடித்து, தூரத்தில் எரியும் சிறிய விளக்கைப் பாருங்கள். விளக்கைச் சுற்றி நிறம் பிரிந்த புள்ளிகள் சாய்வாக அடுக்கி நிற்கும். இறகின் நுண்ணிய இழைகள், உங்கள் லேபில் உள்ள கிரேட்டிங் (நெருக்கமாகக் கோடுகள் கீறிய தகடு) செய்யும் வேலையையே செய்கின்றன. 1673இல் ஜேம்ஸ் கிரிகரி என்பவர் ஒரு கடற்பறவையின் இறகு வழியே சூரிய ஒளியை விட்டு இதைத்தான் பார்த்தார்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, ஸ்பெக்ட்ரோமீட்டரில் வழக்கமான சோதனை செய்கையில், ஒளி சாய்வாக விழும்போது விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் ஒரே மாதிரி இல்லாததைக் கவனித்தார். அதைப் பற்றி அவர் எழுதியதுதான் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை. 1906இல் லண்டன் இதழ் ஒன்றில் வந்தது, அப்போது அவருக்கு 18 வயது. ரெக்கார்டில் எழுத வேண்டிய விடை வந்ததும் கருவியை அணைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை என் மாணவர்களிடம் நான் எவ்வளவோ முயன்றும் மாற்ற முடியவில்லை. நீங்கள் விரலை அகட்டிப் பார்த்தீர்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது.

உங்கள் நண்பருக்கு வருகைப் பதிவு எவ்வளவு இருக்கிறது? 75 சதவீதத்துக்குக் கீழே போனால் ஹால் டிக்கெட்டில் சிக்கல் வரும். உடனே துறைத்தலைவரிடம் போய் வீட்டு நிலைமையைச் சொல்லச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலரிடம் நான் முன்கூட்டியே கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

*

பெங்களூர்வாசி எழுதியது:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போங்க. சீட் கிடைச்சா யோசிக்காம போங்க. அவரைத் தூக்கிட்டுப் போக முடியாது, நீங்க நின்னுட்டா அவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்ல. 'எனக்காக நின்னான்'ங்கிற பாரத்தையும் சேர்த்து அவர் சுமக்கணும்.

எனக்கும் அப்படி ஒருத்தன் இருந்தான், சேலத்துல. செமஸ்டர் ஃபீஸ் கட்ட அவன் செயினை அடகு வெச்சுக் குடுத்தான். வேலை கிடைச்சதும் முதல் மூணு மாசத்துல காசைத் திருப்பிக் குடுத்துட்டேன். கணக்கு முடிஞ்சதுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் போன் பண்றது குறைஞ்சு, நின்னே போச்சு. ஒம்பது வருசம் கழிச்சு அவன் அப்பா இறந்தது எனக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல தெரிஞ்சுது, அதுவும் நாலு நாள் கழிச்சு. போனேன். வாசல்ல சேர் போட்டான், காபி குடுத்தான், "வாங்க"ன்னான். வாடா போடான்னு பேசினவன். அந்த "வாங்க" இன்னும் காதுல நிக்குது.

அதனால போறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. போனதுக்கப்புறம் என்ன பண்றீங்கங்கிறதைப் பாருங்க.

*

கடைமடை எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. செம்பருத்தி அக்கா, நோட்டை இந்த வாரமே ஸ்கேன் செய்து போடுகிறேன். 112 பக்கம் இருக்கிறது. பனங்கூடல் அக்கா, நாலாவது பத்திக்கு ஓரத்தில் இடம் இருக்கிறது, அனுப்புங்கள். ஆர்முடுகல் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், என்ன அழகான சொல்! கோணல் என்றால் எங்கள் ஊரில் வளைந்தது. ஒளி வளைவதற்கு அதைவிடப் பொருத்தமாக என்ன சொல்ல முடியும்?

ஐயா, ஹாஸ்டலுக்குப் பின்னால் இறகு கிடைத்தது. நேற்று ராத்திரி ரெண்டு பேரும் பார்த்தோம். விளக்கின் இரண்டு பக்கமும் சிவப்பு வெளியேயும் நீலம் உள்ளேயுமாக நின்றது. சிவப்புக்கு அலைநீளம் அதிகம், அதனால் அதிகம் வளைகிறது என்று அவன் சொல்ல, பட்டகத்தில் நீலம்தானே அதிகம் வளையும் என்று நான் கேட்க, ஒரு மணி வரை தூங்கவில்லை. அது விலகல், இது விளிம்பு விளைவு, இரண்டும் வேறு வேறு வேலை என்று முடித்தோம். வருகைப் பதிவு விஷயம்: 71 சதவீதம் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் 65க்கு மேல் இருந்தால் அபராதம் கட்டி எழுதலாம். இன்றைக்குக் காலையில் நான் கூடப் போனேன். துறைத்தலைவர் மனுவை வாங்கிக்கொண்டார்.

பெங்களூர்வாசி அண்ணா, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். போன வருடம் மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்த அன்று அவனை வெண்ணாற்றுப் பாலத்துக்கு அழைத்துப்போனேன். முதல் தண்ணீர் நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாகச் செம்மண் நிறத்தில் வரும், பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. தஞ்சாவூரைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வர இன்னும் நாள் ஆகும், அதனால் நான் பார்த்ததும் அப்பாவுக்குப் போன் செய்துவிடுவேன், அவர் நாற்றங்காலைத் தயார் செய்வார். அன்றைக்கு என் கையிலிருந்து போனை வாங்கி, "அப்பா, தண்ணி வந்துருச்சுப்பா" என்று அவன் சொன்னான். அப்பா இன்று வரை போனில் முதலில் அவனைத்தான் விசாரிக்கிறார்.

இந்த இழையை அவனுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பாமல் எழுதியது தப்பு என்று பட்டது.

*

திருச்சிக்காரன்_தான் எழுதியது:

கணக்கு ஆரம்பிச்சதே இதுக்குத்தான். எல்லாருக்கும் நன்றி, ஐயாவுக்கு ரொம்ப நன்றி.

ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, கேட்டரிங் வேலை பாவப்படுற வேலை இல்ல. மாஸ்டர் ஒருத்தர் இருக்காரு, ஆயிரம் பேருக்கு அரிசி எத்தனை படின்னு கண்ணாலயே சொல்லுவாரு. ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கட்டினதும் இறக்கணும்னு அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. அண்டாவுல ஓரத்துல முதல்ல ஏன் நுரை வருதுன்னு நான் கேட்டேன், அதுக்கும் ஒரு காரணம் சொன்னாரு. அது சரியான்னு நீ யோசிச்சு சொல்லு.

ரெண்டு, அன்னிக்குப் பந்தியில உன் இலைக்கு நான்தான் மறுபடி வந்து பாயசம் ஊத்துனேன். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்ததால பார்க்கல. நீ சொன்னது வலிச்சுது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க மாமாகிட்ட சொல்லாததுக்காக இல்ல. நாலு பேர் முன்னாடி 'ஒப்பிச்சுப் பாஸாயிருவே'ன்னியே, அதுக்கு. ஏன்னா மொட்டைமாடிக்கு முன்னாடி வரைக்கும் அது நெசம்.

ஜாம் நான் அடுத்த வருசம் எழுதறேன். வேலைக்குப் போய்க்கிட்டே. அறுவது கேள்விக்கு மூணு மணி நேரம், அதுல ஆப்ஷனே இல்லாம விடையை நாமளே போடுறது இருவது. அந்த இருவதுக்கு நீ எப்படித் தயார் பண்ணினேன்னு எனக்கு எழுதிக் குடு. மூணாவது பத்தி மாதிரி, சொந்த வாயால.

*

கடைமடை எழுதியது:

எழுதித் தருகிறேன். ஓரத்து நுரைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அண்டாவில் தீ எங்கே படுகிறது, நடுவிலா சுற்றியா? மாஸ்டர் என்ன சொன்னார் என்று இப்போது சொல்லாதே. என் ரெக்கார்டு நோட்டு உன் பையில் இருக்கிறது, நாளைக்குக் கையெழுத்து வாங்கக் கடைசி நாள், மறக்காமல் எடுத்து வா.